கொப்பி மூலையில் ஒரு கொக்கு

வணக்கம் அக்கா,

என் தம்பி தரம் 7 படிக்கிறான். கொப்பி மூலைகளில் கொக்கு கீறி, தாள்களைப் படபடவென்று தட்டிக் காட்டுவான். முன்பாதியில் கொக்கு நன்றாகப் பறக்கிறது. பின்பாதியில் ஒன்று மறைந்து வேறொன்று முளைப்பதுபோல இருக்கிறது. ஒரு படம் கண்ணில் கொஞ்ச நேரம் தங்குவதால்தான் அசைவு தெரிகிறது என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் பின்பாதியில் மட்டும் ஏன் இப்படி?

வாசகி, மல்லாவி

அன்புள்ள தங்கச்சி,

அந்த விளக்கம் பழையது, லேசில் சாகாது. முதல் கொக்கு கண்ணில் தங்கியிருக்க அடுத்தது வந்தால், ஒன்றன்மேல் ஒன்று விழுந்த கிறுக்கல்தானே தெரியவேண்டும்? அது எப்படிப் பறக்கும்?

1912இல் மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் இரண்டு கோடுகளை மாறி மாறிக் காட்டிப் பார்த்தார். இடைவெளி 0.2 செக்கன் அளவில் இருந்தபோது ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. 0.03 என்றபோது இரண்டும் ஒரேயடியாகத் தெரிந்தன. நடுவில், ஏறத்தாழ 0.06 செக்கனில், ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்ந்தது. அந்த நகர்வு திரையிலும் இல்லை, கண்ணிலும் இல்லை. மூளை சேர்த்தது.

மூளையின் பின்பகுதியில், இரு பக்கமும், அசைவைக் கவனிப்பதையே முக்கிய வேலையாகக் கொண்ட ஒரு இடம் இருக்கிறது. நிஜமாகப் பறக்கும் கொக்குக்கும் கீறிய கொக்குக்கும் அது ஒரேமாதிரித்தான் விழிக்கும். அந்த இடம் பழுதான ஒரு பெண்ணைப் பற்றி 1983இல் ஜெர்மனியில் எழுதினார்கள். நிறம் தெரியும், பொருள்களை அடையாளம் தெரியும். ஆனால் தேநீர் ஊற்றினால் அது உறைந்து நிற்பதுபோல இருக்குமாம்; கோப்பை நிறைவது தெரியாது. தூரத்தில் நின்ற கார் திடீரென்று பக்கத்தில் நிற்கும். மாங்குளம் சந்தியில் ஏ9 வீதியைக் கடக்க அவரை விட்டால் என்ன பாடுபடுவார், யோசியுங்கள்.

படம் மினுங்காமல் தெரிவது வேறு சங்கதி. தியேட்டர் புரொஜெக்டர் செக்கனுக்கு 24 படங்களில் ஒவ்வொன்றையும், வெளிச்சத்தை வெட்டி வெட்டி, இரண்டு மூன்று தடவை காட்டியது அதற்காகத்தான். அசைவுக்கு அவ்வளவு வேண்டாம். கையால் கீறும் காட்டூன்களில் பலவேளை செக்கனுக்கு 12 ஓவியம் போதும்.

சரி, தம்பியின் பின்பாதிக்கு வருவோம். பையனுக்கு அலுத்திருக்கும். தாளுக்குத் தாள் கொக்கைத் தூரத் தூரக் கீறியிருப்பான், இல்லையென்றால் மேலே இருந்த சிறகை அடுத்த தாளிலேயே கீழே இறக்கியிருப்பான். சின்னத் தாவலென்றால் மூளை அதே கொக்கு என்று எடுத்துக்கொள்ளும். பெரிய தாவலென்றால் இது வேறு கொக்கு என்று விட்டுவிடும். இடையில் இரண்டு மூன்று கொக்கு கூடுதலாகக் கீறச் சொல்லுங்கள். தைத்த கொப்பிக்குள் தாள் செருக முடியாது, அதனால் புதுக் கொப்பிச் செலவு உங்களுடையது.