கவர்ல ஆயில் லீக்கா? போல்டை முறுக்குறதுக்கு முன்னாடி கேளுங்க

16 வயசுல புதுப்பேட்டையில ஸ்பேனர் பிடிச்சவன் நான், இப்போ கொளத்தூர்ல சொந்தப் பட்டறை, டூ வீலர் இன்ஜின் வேலை மட்டும்தான். போன வாரம் ஒரு தம்பி ஆயில் கசியுதுன்னு வீட்லயே போல்டை முறுக்கி முறுக்கி கிளட்ச் கவரை ஒரு மூலையில உடைச்சு எடுத்துட்டு வந்தாரு. சின்ன பேக்கிங்ல, அதாவது கவருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல ஆயில் கசியாம வெக்கிற பேப்பர்ல, முடிய வேண்டிய வேலை, புதுக் கவர் வாங்குற அளவுக்குப் போயிடுச்சு. அதைப் பாத்து மனசு கேக்கல, அதனாலதான் இன்ஜின் கவர் லீக் பத்தி என்ன சந்தேகம்னாலும் கேளுங்கன்னு சொன்னேன். கை வெச்சுப் பாத்ததை மட்டும்தான் சொல்லுவேன்.

அம்பத்தூர், பல்சர் 150: அண்ணா, கிளட்ச் கவருக்குக் கீழ சொட்டு சொட்டா ஆயில். மெக்கானிக் பேக்கிங் மாத்தினாரு, பத்தே நாள்ல திரும்பவும் அதே கதை. எங்க தப்பு நடந்திருக்கும்?

தம்பி, முதல்ல அது கிளட்ச் கவர் லீக்தானான்னு பாக்கணும். ஆயில் எங்க சொட்டுதோ அங்கதான் கசியுதுன்னு அர்த்தம் கிடையாது, மேல ஹெட் கவர்ல கசிஞ்சாலும் சிலிண்டர் அடியில கசிஞ்சாலும் அது வழிஞ்சு கீழதான் வரும், ஓடும்போது காத்து வேற அதைப் பின்னாடி தள்ளும், கடைசியில கிளட்ச் கவர் அடியில வந்து சொட்டும். இன்ஜின் முழுக்க மண்ணெண்ணெய் இல்லன்னா டீசல் போட்டு பிரஷ்ல தேச்சுக் கழுவுங்க, துணியால தொடைச்சு நல்லாக் காய விடுங்க. அப்புறம் முகத்துக்குப் போடுற பவுடரை எடுத்து ஜாயின்ட் மேலெல்லாம் ஊதி விடுங்க. ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து டார்ச் அடிச்சுப் பாருங்க, பவுடர் ஈரமான இடத்துலயே எது எல்லாத்துக்கும் மேல, எது எல்லாத்துக்கும் முன்னால இருக்கோ அதுதான் ஊத்துக்கண்ணு.

அப்படிப் பாத்தும் கிளட்ச் கவர்தான்னு தெரிஞ்சா, பேக்கிங் மாத்தியும் நிக்காததுக்கு நான் அடிக்கடி பாக்குற காரணம் போல்ட் மாறிப் போறதுதான். கவர் போல்ட் எல்லாம் ஒரே நீளம் கிடையாது. நீளமான போல்டைக் குட்டை ஓட்டையில போட்டா அது அடியில போய் முட்டி நின்னுடும், கைக்கு டைட் ஆன மாதிரியே இருக்கும், ஆனா கவரை அது பிடிச்சிருக்காது. குட்டையை நீள ஓட்டையில போட்டா ரெண்டு மரையில மட்டும் தொங்கிட்டு இருக்கும், அடுத்த தடவை முறுக்கும்போது மரையே வெளிய வந்துடும். எங்க பட்டறையில பழைய அட்டைப் பெட்டியில கவர் படத்தை வரைஞ்சு ஒவ்வொரு போல்டையும் கழட்டின இடத்துலயே குத்தி வெச்சிருவோம், நீங்களும் அப்படியே செய்ங்க.

இன்னொண்ணு, ஸ்குரூ டிரைவரை இடுக்குல விட்டு நெம்பிக் கவரை எடுத்திருப்பாங்க. அலுமினியத்துல அந்த ஒரு கீறல் போதும், எத்தனை பேக்கிங் போட்டாலும் அது வழியா ஆயில் வரும். கவர் வரலைன்னா ரப்பர் சுத்தியல்ல சுத்தித் தட்டுங்க, தானா விடும். பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போதும் அவசரப்படாதீங்க, நல்லா ஊற விட்டு பிளாஸ்டிக் ஸ்கேல்ல தள்ளுங்க, உப்புத்தாள் போட்டு இன்ஜின் பக்கம் தேய்க்கவே தேய்க்காதீங்க, அந்த மண் துகள் ஆயிலோட சேர்ந்து உள்ள போயிடும். டோவல்னு ரெண்டு சின்னக் குழாய் இருக்கும், அது ரெண்டும் இருக்கான்னு பாருங்க, பல பேர் தொலைச்சிடுறாங்க, அது இல்லைன்னா கவர் நகர்ந்து உக்காரும். பவுடர் போட்டுப் பாத்துட்டு வந்து சொல்லுங்க.

வேளச்சேரி, ஸ்ப்ளெண்டர்: எவ்ளோ டைட் பண்ணனும் அண்ணா? முறுக்கை அளந்து காட்டுற டார்க் ரெஞ்ச் இல்ல.

8 நம்பர் ஸ்பேனர் போடுற அந்தக் குட்டி போல்டுக்கு, அதாவது 6 மில்லி மரைக்கு, 10 நியூட்டன் மீட்டர் வாக்குலதான் டார்க் வேணும். அது எவ்ளோன்னா, ஒரு மீட்டர் நீளக் கம்பி நுனியில ஒரு கிலோவைத் தொங்க விட்டா வர்ற முறுக்கு, அவ்ளோதான். T எழுத்து மாதிரி இருக்குற டீ ஸ்பேனரை நடுவுல பிடிச்சு மணிக்கட்டால திருப்புங்க, தோள்பட்டை பலத்தைக் கொண்டு வராதீங்க. ஒரே போல்டை முழுசா முறுக்கிட்டு அடுத்ததுக்குப் போகக் கூடாது, எதிரெதிரா ரெண்டு மூணு ரவுண்டா ஏத்தணும்.

தாம்பரம், 1996 புல்லட் 350: ஐயா, எங்க அப்பா வண்டி. இடது பக்கம் செயின் கேஸ்ல எப்பவும் ஆயில். புல்லட்னா அப்படித்தான்னு எல்லாரும் சொல்றாங்க. உண்மையா?

அப்பா வண்டியை வெச்சுப் பாத்துக்குறீங்க, சந்தோஷம். இது நம்ம ஊரு வண்டி, 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்து என்ஃபீல்டு கூடச் சேர்ந்து ஆரம்பிச்சது, திருவொற்றியூர் ஃபேக்டரியில இருந்து வந்தது, அதனால புல்லட்னாலே ஒழுகும்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம் வரும். ஒழுங்கா உக்கார வெச்சா ஒழுகாது.

உங்க வண்டியில செயின் கேஸ் வெளிக் கவரைப் பிடிக்கிறது நடுவுல இருக்குற ஒரே நட்டுதான், சுத்தி ஒரு ரப்பர் ரிங் இருக்கும். கசியுதேன்னு அந்த நட்டை முறுக்கினா கவர் நடுவுல உள்வாங்கும், ஓரம் விரியும், லீக் அதிகமாகும். இன்னும் முறுக்கினா இன்னும் அதிகமாகும், 30 வருஷத்துல எத்தனை பேர் முறுக்கியிருப்பாங்கன்னு யோசிங்க. கவரைக் கழட்டித் தட்டையான கண்ணாடி மேல கவுத்து வெச்சு ஓரத்துல எங்கயாவது வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க. வளைஞ்சிருந்தா அதைச் சரி பண்ணிட்டுத்தான் புது ரப்பர். ரப்பர் காடியில முறுக்கில்லாம உக்காரணும், கொஞ்சம் கிரீஸ் தடவி வெச்சா கவர் போடும்போது வெளிய வராது.

அடுத்தது பிரீதர். பிஸ்டன் கீழ வரும்போது கிராங்க் கேஸ்ல இருக்குற காத்து எங்கயாவது வெளிய போயாகணும். பிரீதர் குழாய் நுனியில வாத்து வாய் மாதிரி ஒரு ரப்பர் வால்வு இருக்கும், அது இறுகிப் போச்சுன்னாலோ குழாயில அடைப்பு இருந்தாலோ காத்து பேக்கிங் வழியா ஆயிலைத் தள்ளிட்டுத்தான் வரும். பிஸ்டன் ரிங் தேஞ்ச வண்டியிலயும் இதே கதைதான், காத்தழுத்தம் ஏறும், எந்த பேக்கிங்கும் நிக்காது. அப்புறம் ரொம்ப நாள் நிறுத்தி வெச்ச புல்லட்ல ஆயில் டேங்க்ல இருக்குற ஆயில் மெதுவா கிராங்க் கேஸுக்கு இறங்கிடும், அப்போ அளவு குறைவாக் காட்டும், நீங்க மேல ஊத்திருவீங்க, ஸ்டார்ட் பண்ணின உடனே எல்லா இடத்துலயும் வழியும். அஞ்சு நிமிஷம் ஓட விட்டு நிறுத்திட்டு அப்புறம் அளவு பாருங்க.

மயிலாப்பூர், ஸ்கூட்டர்: அண்ணா, இடது பக்கப் பெரிய கவர்ல இருந்து ஆயில் வருது. கவர் பேக்கிங் வாங்கினாப் போதுமா?

இல்லம்மா, பேக்கிங் வாங்கிடாதீங்க. ஸ்கூட்டர்ல அந்தக் கவருக்குள்ள பெல்ட்தான் ஓடுது, அது காஞ்ச இடம், அங்க ஆயில் இருக்கவே கூடாது. முன்பக்கம் நனைஞ்சிருந்தா கிராங்க் ஆயில் சீல், பின்பக்கம்னா கியர் பெட்டி சீல். பெல்ட்ல ஆயில் பட்டா நழுவும், பின் சக்கரத்துல பிரேக்ல பட்டா பிரேக்கே பிடிக்காது. தள்ளிப் போடாம இந்த வாரமே காட்டிருங்க.

பெரம்பூர்: போல்ட் எல்லாம் இன்னொரு தடவை டைட் பண்ணினா நிக்குமா?

நிக்காது. மேல படிங்க.

மாதவரம்: மாஸ்டர், நானும் 25 வருஷமா மெக்கானிக்தான். பேப்பர் பேக்கிங்கே தேவையில்ல, நல்லா அனபான்ட் சிலிகான் பசை தடவி மூடினா வண்டி ஆயுசுக்கும் லீக் வராது. நீங்க ஏன் பெருசு பண்றீங்க?

உங்க அனுபவத்தை மதிக்கிறேன் அண்ணே, ஆனா இதை நான் ஒத்துக்க மாட்டேன். அனபான்ட் நம்ம சென்னைக் கம்பெனிதான், பொருள் நல்ல பொருள், பிரச்சினை நாம போடுற இடத்துலயும் அளவுலயும்தான். பேப்பர் பேக்கிங்குக்குன்னு ஒரு கனம் இருக்கு, அரை மில்லி சுமார். அந்த அரை மில்லியைக் கணக்கு பண்ணித்தான் கவருக்குள்ள இருக்குற ஷாஃப்ட்டு, ஸ்டார்ட்டர் கியரு, கிளட்ச் லீவர் எல்லாத்துக்கும் இடம் விட்டிருக்கான். அதை எடுத்துட்டா கவர் உள்ள நெருங்கும், கியர் உரசும், கிளட்ச் பிளே மாறும்.

மாதவரம்: அரை மில்லியில என்ன ஆகிடப் போகுது. எத்தனையோ வண்டி ஓடுது.

ஓடும் அண்ணே, உடனே ஒண்ணும் ஆகாது. ஒரு வண்டி எங்கிட்ட வந்துச்சு, கேம் ஷாஃப்ட் தேஞ்சு டக டகன்னு சத்தம். ஆயில் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. கவரைக் கழட்டி ஆயில் ஜல்லடையை எடுத்துப் பாத்தா சிவப்பு சிலிகான் புழு புழுவா அடைச்சிக்கிட்டு இருக்கு. வெளிய நீங்க பிதுங்கினதைத் தொடைச்சிருவீங்க, உள்ள அதே அளவு பிதுங்கியிருக்கும், அதை யார் தொடைப்பாங்க? சூட்டுல ஆயில்ல ஊறி அது பிஞ்சு விழும், பம்ப் உறிஞ்சும், ஜல்லடை அடைபடும், ஹெட்டுக்கு ஆயில் ஏறாது. நிறைய வண்டியில கிளட்ச் கவர் வழியாவே கிராங்குக்கு ஆயில் போற ஓட்டை இருக்கு, அது மேல கொழகொழன்னு தடவினா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

ஆவடி: நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். கிராங்க் கேஸ் நடு ஜாயின்ட்ல பல கம்பெனியே பேப்பருக்குப் பதிலா லிக்விட் கேஸ்கெட்னு பசையைத்தானே போடுறான்? அப்போ அது மட்டும் எப்படிச் சரி?

சரியான கேள்வி. ஆமா, பல இன்ஜின்ல அந்த ரெண்டு பாதியும் சேர்ற இடத்துல பேப்பரே கிடையாது, லிக்விட்தான். ஆனா அந்த இன்ஜினை பேப்பர் இல்லாமலே இருக்குற மாதிரி அளவெடுத்துச் செஞ்சிருக்கான், தடவச் சொல்றதும் சவ்வு மாதிரி மெல்லிசா. ஹெட் கவர்ல அரை வட்டமா ரப்பர் வர்ற இடத்துல மூலைக்கு ஒரு பொட்டு வெக்கச் சொல்றதும் உண்டு. எங்க லிக்விட், எங்க பேப்பர், எங்க ஓ ரிங்னு அவன் முடிவு பண்ணிட்டான், அதை நாம மாத்தக் கூடாதுன்னுதான் சொல்றேன்.

மாதவரம்: பேப்பர் மேல ரெண்டு பக்கமும் லேசா தடவினா? அதுவும் தப்பா?

கீறல் விழுந்த பழைய கவர்னா நானே கீறல் மேல மட்டும் ஒரு பூச்சு கொடுப்பேன், அது வரைக்கும் உங்களோட ஒத்துப் போறேன். நல்ல கவர்ல வேண்டாம், பேப்பர் ஊறி வழுக்கி நடுவுல பிதுங்கி வெளிய வரும். தடவினா உடனே ஆயில் ஊத்தாதீங்க. சிலிகான் காத்துல இருக்குற ஈரத்தை எடுத்துத்தான் இறுகுது, நம்ம ஊரு புழுக்கத்துல மேல சீக்கிரம் தோல் கட்டிடும், உள்ள இறுக ஒரு நாள் முழுசா விடுங்க.

மாதவரம்: ஒரு நாள் வண்டியைப் போட்டு வெச்சா கஸ்டமர் விடுவானா? இருந்தாலும் ஜல்லடை விஷயம் யோசிக்க வேண்டியதுதான்.

அதைச் சொன்னீங்களே, அது போதும் அண்ணே.

போரூர்: எந்த சிலிகான் பெஸ்ட்?

இவ்ளோ நேரம் அதைத்தானே பேசினோம். பேக்கிங் வாங்குங்க, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல உங்க வண்டி மாடல் வருஷம் சொன்னா எடுத்துக் குடுப்பாங்க, பழசைக் கையோட எடுத்துட்டுப் போய் ஓட்டையெல்லாம் பொருந்துதான்னு மேல வெச்சுப் பாத்து வாங்குங்க. ஹார்டுவேர் கடையில விக்கிற கண்ணாடி ஒட்டுற சிலிகானை மட்டும் இன்ஜின் பக்கம் கொண்டு போகாதீங்க, வினிகர் வாசனை அடிக்கிற அந்த ரகம் அலுமினியத்தை அரிக்கும், ஆயிலுக்கும் தாங்காது.

கோயம்பேடு: கார்ல டேப்பெட் கவர் லீக், எவ்ளோ ஆகும்?

கார் எனக்குத் தெரியாது, கார் மெக்கானிக்கிட்ட கேளுங்க.

திருவான்மியூர், ஆர்எக்ஸ் 100: வெளிய ஒரு சொட்டு லீக் இல்ல, ஆனா கியர் ஆயில் குறையுது, வெள்ளைப் புகை வருது.

கிளட்ச் பக்கம் கிராங்க் சீல் போயிருக்கும். கியர் ஆயிலை இன்ஜினே உறிஞ்சி எரிக்குது. கவர் பேக்கிங்குக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, சீல் மாத்துங்க. மேக்னெட் பக்கச் சீலையும் சேர்த்து மாத்திருங்க, அது போச்சுன்னா காத்து இழுத்து பிஸ்டன் சூடேறிப் பிடிச்சிக்கும்.

பள்ளிக்கரணை: 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ வண்டி முழுகிடுச்சு. அப்புறம் ஆயில் மாத்தி ஓட்டினேன், இப்போ எல்லாக் கவர்லயும் கசிவு.

அந்த மாசம் எங்க பட்டறை வாசல்ல வரிசையா நின்ன வண்டிங்களை என்னால மறக்க முடியாது. ஆயில் டீ கலர்ல பால் மாதிரி வந்துச்சா? வந்திருந்தா உள்ள தண்ணி போயிருக்கு, ஒரே ஒரு தடவை ஆயில் மாத்தினா முழுசாப் போகாது. பேப்பர் பேக்கிங் தண்ணியில ஊறிக் காஞ்சா அப்புறம் சுருங்கிடும், எல்லாக் கவரும் ஒண்ணா கசியுறதுக்கு அது ஒரு காரணம், சேறு அடைச்ச பிரீதர் குழாய் இன்னொண்ணு. முதல்ல பிரீதரைக் கழட்டி ஊதுங்க. அதுலயே பாதி நிக்கலாம். மீதிக்கு பேக்கிங் செட்டா மாத்திருங்க. இனிமே மழையில முழுகினா ஸ்டார்ட் பண்ணாதீங்க, கிக்கரைக் கூட மிதிக்காதீங்க, ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிட்டு ஆயிலை முழுசா இறக்குங்க. இறக்கின ஆயிலை சாக்கடையில ஊத்தாதீங்க, கேன்ல பிடிச்சுப் பட்டறையில குடுத்துருங்க.

வில்லிவாக்கம்: கெட்டியான ஆயில் போட்டா லீக் நிக்கும்னு சொல்றாங்களே?

சொல்றவங்க சொல்லட்டும். ஓட்டை ஓட்டைதான். புக்ல போட்டிருக்குற கிரேடு போடுங்க, கார் ஆயில் போட்டா கிளட்ச் வேற நழுவும்.

ராயபுரம்: ரெண்டு போல்டோட மரை போச்சு. டைட் பண்ணின உடனே சுத்திக்கிட்டே இருக்கு.

டைட் பண்ணாதீங்கன்னு காலையில இருந்து சொல்றேன். சரி, ஆனது ஆச்சு. பெரிய போல்ட் போட்டுத் திணிக்காதீங்க, லேத்ல ஹெலிகாயில் போடச் சொல்லுங்க, பழைய 6 மில்லி போல்டே திரும்பப் போகும், புது மரை இரும்பு கம்பிச் சுருள்ங்கிறதால முன்ன விட பலமாவே இருக்கும். துளை போடும்போது டிரில் நுனியில கிரீஸ் தடவச் சொல்லுங்க, அலுமினியத் தூள் அதுல ஒட்டிக்கும், இன்ஜினுக்குள்ள விழாது.

ஆலந்தூர்: பேக்கிங் மாத்தியும் லீக், டைட் பண்ணவா?

வேண்டாம். முதல் பதில்.

அம்பத்தூர், பல்சர் 150: அண்ணா, பவுடர் போட்டு ஆவடி வரைக்கும் போய்ட்டு வந்தேன். கிளட்ச் கவர் மேல் ஓரம் காஞ்சுதான் இருக்கு. ஹெட் கவர் பின்பக்க மூலையில இருந்து ஒரு கோடு இறங்கி வருது.

பாத்தீங்களா தம்பி, கிளட்ச் கவரை ஒரு தடவை வீணாக் கழட்டியாச்சு. ஹெட் கவர் ரப்பர் பேக்கிங் ஒண்ணு, போல்டுக்கு அடியில ரப்பர் வாஷர் இருந்தா அதையும் சேர்த்து வாங்குங்க, சூட்டுல அது கல்லு மாதிரி ஆயிருக்கும். இன்ஜின் ஆறினதும் கழட்டுங்க, காடியைத் துணியால தொடைங்க, மூலையில ரப்பர் உக்காந்துச்சான்னு விரலால தடவிப் பாத்துட்டு மூடுங்க. போல்ட் அங்க ஒரு இடத்துல தானா முட்டி நிக்கும். அதுக்கு மேல வேண்டாம்.