பிள்ளைகளுக்காக வீட்டுத் தொட்டியில் நீர்த்தவளை வளர்க்கலாமா? பராமரிப்பு எளிதா?

இந்தக் கேள்வியைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. "மீனைவிட எளிது, பிள்ளைக்குப் பொறுப்பும் வரும்" என்று யாரோ உங்களிடம் சொல்லியிருப்பார்கள். பிள்ளையும் தினமும் நச்சரித்துக்கொண்டிருக்கும். பத்து ஆண்டுகளுக்கு முன் என் வீட்டிலும் இதே கதைதான்.

வளர்க்கலாம். ஆனால் வாங்குவது எந்தத் தவளை என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். அது தெரியாமல் நான் என் மகளுக்கு ஓர் அநியாயம் செய்தேன்.

அவளுக்கு அப்போது ஏழு வயது. "இரண்டும் ஆப்பிரிக்கக் குள்ளத் தவளை, இதற்குமேல் வளராது" என்று சொல்லித்தான் விற்றவர் கொடுத்தார். சிட்டு, மணி என்று பெயர் வைத்தாள். இவற்றுக்கு நாக்கு கிடையாது; இரையை இரண்டு கைகளாலும் வாய்க்குள் தள்ளிக்கொள்ளும். நுரையீரலால் மூச்சு விடுவதால் அவ்வப்போது மேலே வந்து ஒரு மிடறு காற்றை வாங்கிக்கொண்டு அடிக்குப் போகும். அதை எண்ணிக்கொண்டே மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள்.

எட்டாம் மாதம் ஒரு காலையில் சிட்டுவைக் காணவில்லை. மூடி திறந்திருந்தால் இந்தத் தவளைகள் வெளியே குதித்துவிடும். தோல் உலர்ந்து சில மணி நேரத்தில் செத்துப்போகும். முந்தைய இரவு இரை போட்டவள் மகள். நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், செருப்புகளுக்குள் எல்லாம் தேடிவிட்டு, "உன் அலட்சியத்தால் ஓர் உயிர் போய்விட்டது" என்று கத்தினேன். "மூடினேன் அப்பா" என்று இரண்டு முறை சொன்னாள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் பல வாரங்கள், தூங்கப் போகுமுன் அந்த மூடியை மூன்று நான்கு முறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

மணி மட்டும் வளர்ந்துகொண்டே போனது. என் உள்ளங்கை அளவுக்கு வந்தபோதுதான் சந்தேகம் தட்டிப் படிக்க ஆரம்பித்தேன். குள்ளத் தவளைக்கு நான்கு கால்களிலும் விரல்களுக்கிடையே சவ்வு இருக்கும். கண்கள் தலையின் பக்கவாட்டில் இருக்கும். மூன்று நான்கு சென்டிமீட்டரோடு வளர்ச்சி நின்றுவிடும். ஆப்பிரிக்க நகத் தவளைக்கு முன்கை விரல்கள் சவ்வின்றித் தனித்தனியாக இருக்கும்; கண்கள் மேல்நோக்கி இருக்கும்; பின்காலில் மூன்று விரல்களில் கறுப்பு நகம். பெண் தவளை பத்து சென்டிமீட்டரைத் தாண்டும். வாய்க்குள் அடங்குவது எதுவானாலும் அதற்கு இரைதான். குஞ்சாக இருக்கும்போது இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். மணி நகத் தவளை. சிட்டு தொட்டியை விட்டு வெளியே போகவே இல்லை.

அன்று மாலையே மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் வெகுநேரம் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மணிக்கு அவ்வளவு பசித்ததா அப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

"தவளையைத் தொட்டியில் அடைப்பதே கொடுமை" என்று எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இவை ஆயுள் முழுவதும் நீருக்குள்ளேயே வாழ்பவை. இடமும் நீரும் சரியாக இருந்தால் நன்றாகவே வாழும். இரக்கப்படுவதாக நினைத்து அருகிலுள்ள குளத்தில் கொண்டுபோய் விடுவதுதான் கொடுமை. 1930களிலிருந்து கர்ப்பப் பரிசோதனைக்காக நகத் தவளைகளை உலகெங்கும் மருத்துவமனைகளுக்கு அனுப்பினார்கள். பெண்ணின் சிறுநீரைத் தவளைக்குள் ஊசியால் ஏற்றினால், அவள் கருவுற்றிருக்கும் பட்சத்தில் தவளை முட்டையிடும். அப்படிப் போனவற்றில் தப்பியவையும் பிறகு கைவிடப்பட்டவையும் சிலி, பிரான்ஸ், கலிபோர்னியா போன்ற இடங்களின் நீர்நிலைகளில் பெருகி, அங்குள்ள உயிரினங்களைத் தின்றுகொண்டிருக்கின்றன. தயவுசெய்து வெளியே விடாதீர்கள்.

நான் கால்நடை மருத்துவர் அல்ல, வளர்ப்பவன் மட்டுமே. ஆனாலும் தண்ணீர் விஷயத்தில் உறுதியாகச் சொல்வேன். குழாய் நீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போகும்; சில ஊர்களில் குளோரினோடு அம்மோனியாவைச் சேர்த்துக் கலக்கும் குளோரமின் என்ற கிருமிநாசினி போகாது; அதற்கான நீக்கி மருந்தைக் கலக்க வேண்டும். புதுத் தொட்டியில் வடிகட்டியைச் சில வாரங்கள் ஓடவிட்டு, கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் பெருகிய பிறகே தவளையை விடுங்கள். அலங்காரப் பொருள்போல விற்கும் கையளவுக் கண்ணாடிப் பெட்டியில் எந்தத் தவளையையும் வைக்காதீர்கள். பொடிக் கற்கள் வேண்டாம், இரையோடு விழுங்கிவிடும். குள்ளத் தவளைக்கு 24 முதல் 26 டிகிரி வெப்பம் வேண்டும். நகத் தவளைக்கு அதைவிடக் குளிர்ந்த நீர். தோலை உரித்துத் தானே தின்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது இயல்பு.

பிள்ளைக்கு ஐந்து வயது ஆகவில்லையென்றால் பொறுத்திருங்கள். 2009 முதல் 2011 வரை அமெரிக்காவில் குள்ளத் தவளைகள் வழியாக 200க்கும் மேற்பட்டோருக்கு, வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் சால்மோனெல்லா பாக்டீரியாத் தொற்று வந்தது, பெரும்பாலோர் சிறுவர்கள். தொட்டி நீரைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டிச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். 'என் செல்லப்பிராணி' என்று பள்ளியில் கட்டுரை எழுதச் சொன்னபோது மகள் மணியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினாள். நகங்கள் எத்தனை, மூச்சு எப்படி என்று எல்லாம் சரியாக இருந்தது. ஆசிரியை குறுக்கே கோடு போட்டு, "நாய் அல்லது பூனை பற்றி எழுதுக" என்று எழுதியிருந்தார். வீட்டில் இல்லாத நாயைப் பற்றிப் பொய் எழுதினால் மதிப்பெண்ணாம்! அந்த நோட்டை இன்றும் வைத்திருக்கிறேன்.

நகத் தவளை பதினைந்து, இருபது ஆண்டுகள்கூட வாழும். பிள்ளை வளர்ந்து வெளியூர் போனாலும் பார்த்துக்கொள்ள உங்களால் முடியுமா என்று யோசித்துவிட்டு வாங்குங்கள். மகளுக்கு இப்போது பதினேழு வயது. மணி எண்பது லிட்டர்த் தொட்டியில் தனியாக, நலமாக இருக்கிறது. இரவு இரை போட்டு மூடியை மூடுவது இன்றும் மகள்தான். நான் போய்ச் சரிபார்ப்பதில்லை.