காத்தாடி இருக்க டீசல் எதற்கு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

கேரள எல்லையை ஒட்டிய புளியரையிலிருந்து எழுதுகிறேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கொல்லத்துக்குக் காய்கறி லோடு அடிக்கிறார். செங்கோட்டை, சுரண்டை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்றாலைக் காத்தாடிதான். அப்புறமும் ஏன் கப்பல் கப்பலாகக் கச்சா எண்ணெய் வாங்குகிறோம்? எண்ணெய்க் கம்பெனிகள் மாற்றத்தைத் தடுக்கின்றன என்கிறான் என் நண்பன். கேரள வண்டிகள் வேறு மலையிறங்கி வந்து விலை குறைவு என்று நம் பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பிக்கொண்டு போகின்றன. இரண்டு பக்கமும் ஒரே எண்ணெய்தானே? கடைசியாக ஒன்று: அப்பா லாரி மாற்றப் பார்க்கிறார். பேட்டரி லாரி வரும்வரை பொறுக்கச் சொல்லலாமா?

– புளியரை வாசகர்

அன்புள்ள தம்பி,

காத்தாடிக்கும் டீசலுக்கும் நேரடிப் போட்டி கிடையாது. இந்தியாவில் எண்ணெயை எரித்து எடுக்கும் மின்சாரம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. சாரல் மாதங்களில் உங்கள் ஊர்க் காத்தாடிகள் அடித்துப் பிடித்துச் சுற்றும்போது மிச்சமாவது பெரும்பாலும் நிலக்கரிதான். மின்சாரத்துக்கு எண்ணெய் கட்டுபடியாகாது என்பதற்கு மலைக்கு அந்தப் பக்கமே உதாரணம் இருக்கிறது. கேரளத்துக் காயங்குளத்தில், கச்சா எண்ணெயிலிருந்து பிரிக்கும் நாப்தாவில் ஓடும் மின்நிலையம் கட்டினார்கள். அந்த மின்சாரத்தை வாங்க ஆளில்லாமல் நிலையம் வருஷக்கணக்கில் சும்மா கிடந்தது. 2022இல் அதே வளாகத்து நீர்ப்பரப்பில் 92 மெகாவாட் சோலார் பலகைகளை மிதக்கவிட்டார்கள்.

எண்ணெயின் ராஜ்ஜியம் சாலையிலும் கடலிலும் வானத்திலும்தான். காரணம் எளிது. ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றல் இருக்கிறது. திடகாத்திரமான ஆள் எட்டு மணி நேரம் மண் வெட்டினால் உடம்பு தருவது அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. எஞ்சின் பாதிக்கு மேல் சூடாகவே விட்டுவிடும், இருந்தாலும் மிஞ்சுகிற மூன்று நான்கு யூனிட் ஐந்தாறு ஆட்களின் ஒரு நாள் உழைப்பு. அதுவும் நூறு ரூபாயை ஒட்டிய விலைக்கு! கேனில் ஊற்றி வைக்கலாம், மாதக்கணக்கில் கிடக்கும், ஐந்து நிமிஷத்தில் டேங்க் நிரம்பிவிடும்.

அப்பாவின் லாரி டேங்க் 300 லிட்டர் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த டீசலின் எடை 250 கிலோ. அதே தூரம் ஓட இன்றைய பேட்டரி எட்டு ஒன்பது டன் வேண்டும். மின் மோட்டார் டீசல் எஞ்சினைவிடச் சிக்கனமானது என்பதையும் கழித்துவிட்டுத்தான் சொல்கிறேன். பேட்டரியை எதிர்ப்பவர்கள் இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் கொல்லம் போக எதற்கு 300 லிட்டர்? தென்காசியிலிருந்து நூறு கிலோமீட்டர் சுமார்தான். லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் சொச்சம் கொடுத்தால் 30 லிட்டர் போதும். அதற்கு ஈடான பேட்டரி ஒரு டன்னுக்குள் அடங்கிவிடும். ஆக, உங்கள் வழித்தடம் பேட்டரிக்கு அவ்வளவு மோசமானதில்லை. நாசிக்கிலிருந்து வெங்காயம் கொண்டுவருகிற லாரிக்குத்தான் திண்டாட்டம்.

இனி கச்சா எண்ணெயை அளக்கும் பீப்பாய். ஒரு பீப்பாய் 159 லிட்டர். சூடாக்கிப் பிரித்தால் கேஸ், பெட்ரோல், நாப்தா, மண்ணெண்ணெய், டீசல், அடியில் பர்னஸ் ஆயில், தார் என்று எல்லாம் வரும். ஆடு வாங்கினால் தொடைக்கறி மட்டும் கிடைக்குமா? கனமானதை உடைத்து லேசானதாக்கும் வித்தைகள் ஆலையில் உண்டு, அவற்றுக்கும் அளவு இருக்கிறது. 1859இல் பென்சில்வேனியாவில் கிணறு தோண்டியவர்களுக்கு வேண்டியிருந்தது விளக்கெரிக்க மண்ணெண்ணெய். பெட்ரோல் அப்போது யாருக்கும் வேண்டாத கழிவு. நாளைக்கு ஸ்கூட்டர் எல்லாம் பேட்டரிக்குப் போனாலும் விமானத்துக்கும் லாரிக்கும் பீப்பாய் வந்துதான் ஆகும். கோட்டைவாசல் ஏற்றத்துச் சாலைக்குத் தாரும், அப்பா தக்காளி அடுக்குகிற பிளாஸ்டிக் டிரேயும் அதிலிருந்துதான். நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி என்பதால் இது சின்ன விஷயமில்லை.

உங்கள் நண்பர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. கம்பெனிகள் தங்கள் வியாபாரத்தைக் காப்பாற்றத்தான் பார்க்கும். ஆனால் சதியை மட்டும் வைத்து நூறு வருஷத்துக்கும் மேல் உலகத்தை ஓட்ட முடியாது. பொருளே அவ்வளவு சௌகரியமானது, நம் சங்கடமும் அதுதான்.

கேரளத்துக்கும் நமக்கும் உள்ள விலை வித்தியாசம் எண்ணெயைச் சேர்ந்ததே இல்லை, பெரும்பாலும் வரி. பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் ஒவ்வொரு மாநிலமும் தன் வரியைப் போடுகிறது. கேரளம் 2023 ஏப்ரலில் லிட்டருக்கு இரண்டு ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் வேறு சேர்த்தது. வேடிக்கை என்னவென்றால், கொச்சி அம்பலமுகளில் 1966 முதல் சுத்திகரிப்பு ஆலை ஓடுகிறது. அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் குழாயில் கோவை பக்கத்து இருகூருக்கும் கரூருக்கும் டீசல் வருகிறது. காய்ச்சுகிற ஊரில் விலை கூடுதல், குழாய் வந்து சேருகிற ஊரில் குறைவு! மத்திய அரசும் சளைத்ததில்லை. 2020 ஏப்ரலில் அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர விலை (பின்னால் கைமாறும் சரக்குக்கு முன்கூட்டியே பேசும் விலை) ஒரு நாள் பூஜ்யத்துக்குக் கீழே போனது. அடுத்த மாதமே இங்கே கலால் வரி பெட்ரோலுக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய் ஏறியது. இறங்கிய விலை நம் பெட்ரோல் பங்கு வரை வரவே இல்லை.

லாரிக்கு என் யோசனை: ஒரே வண்டியை நம்பிப் பிழைக்கும் குடும்பம் புதிய சாமானைச் சோதித்துப் பார்க்கும் முதல் ஆளாக இருக்க வேண்டாம். டீசலே எடுக்கட்டும், கடனை மட்டும் நீளமாக இழுக்க வேண்டாம். நீங்கள் கல்லூரிக்குப் போக ஸ்கூட்டர் வாங்குவதானால் கண்ணை மூடிக்கொண்டு பேட்டரி வண்டி வாங்கலாம். அப்புறம், மேலே நான் போட்டது சமதளக் கணக்கு. லோடோடு எஸ் வளைவு ஏறும்போது வண்டி எவ்வளவு குடிக்கிறது என்று அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள், பேட்டரி எடையைத் திருத்திப் போட்டுப் பார்க்கலாம்.