ஒரே வேடம், 2,000 மேடை

கேள்வி: இத்தாலிய நடிகர் ஃபெருச்சோ சொலேரி ஏறக்குறைய வாழ்நாள் முழுக்க ஒரே வேடத்தை ஆடினாராமே? ஒரு நல்ல நடிகருக்கு அது தேக்கம் இல்லையா?

பதில்: இல்லவே இல்லை. சொலேரி 1929-ல் ஃப்ளாரன்ஸில் பிறந்தவர்; ரோமில் தேசிய நாடக அகாடமியில் படித்தவர். இத்தாலிய நாடகாசிரியர் கோல்தோனி எழுதிய ‘இரண்டு முதலாளிகளின் வேலைக்காரன்’ நாடகத்தை மிலானின் பிக்கோலோ தியேட்டர் 1947-ல் மேடையேற்றியது. இயக்கம் ஜார்ஜோ ஸ்ட்ரேலர். வேலைக்காரன் அர்லெக்கினோவாகக் கொடிகட்டிப் பறந்தவர் மார்செல்லோ மொரெட்டி. 1960-ல் நியூயார்க்கில் அவருக்குப் பதிலாக முதல் தடவை அர்லெக்கினோவின் முகமூடியைப் போட்டார் சொலேரி. மறுவருடமே மொரெட்டி காலமானார். 1963-லிருந்து வேடம் சொலேரியுடையது. 2,000 தடவைக்கு மேல் ஆடி, 2018-ல், 88 வயதில்தான் விடைபெற்றார்.

நான் நடிப்பு சொல்லித்தருகிறவன். மாணவர்களுக்கு அந்த நாடகத்தில் வரும் ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுவேன். பிரிக்கப்பட்டுவிட்ட ஒரு கடிதத்தை அர்லெக்கினோ மறுபடி ஒட்டியாக வேண்டும். ரொட்டியை மென்று பசையாக்கப் பார்க்கிறான். ஆனால் அகோரப் பசி. மென்றது தன்னால் தொண்டைக்குள் போய்விடுகிறது. சரி, இன்னொரு துண்டு. அதுவும் போச்சு! அரங்கமே சிரிக்கிறது. ஆனால் சொலேரியின் உடம்பில் நான் பார்ப்பது நிஜமான பட்டினி. விழுங்கியது தெரிந்ததும் அவனுக்கு வருகிற திகைப்பு முதல் தடவை நடப்பதுபோலவே இருக்கும். அதை ஒவ்வொரு இரவும் புதிதாக வரவழைக்கிறவரைத் தேங்கிப்போனவர் என்று எப்படிச் சொல்வது? பத்து வேடம் மாற்றுவதைவிட இது கடினம் என்பேன்.

கேள்வி: முகமே தெரியாத முகமூடிக்குள் என்ன நடிப்பு?

பதில்: அது அரை முகமூடி. வாயும் தாடையும் வெளியேதான் இருக்கும். கண்ணுக்குச் சின்னத் துளைகள் மட்டும். கண்ணை உருட்டிப் பயனில்லை. ஒன்றைப் பார்க்கத் தலையையே திருப்ப வேண்டும், கழுத்து பேச வேண்டும், முதுகு பேச வேண்டும். ஆரம்பத்தில் மொரெட்டிக்கே முகமூடி ஒத்துவரவில்லை, முகத்தில் மை பூசிக்கொண்டு ஆடினார். பிறகு பாதுவா நகரத்துச் சிற்பி அம்லெத்தோ சர்த்தோரி, மர அச்சின் மேல் தோலை அடித்துப் படியவைக்கும் பழைய முறையைத் தேடிப் பிடித்து, முகத்தோடு ஒட்டும்படி செய்துகொடுத்தார். அப்புறம்தான் அந்த வேடத்துக்கு முழு உயிர் வந்தது என்பது என் எண்ணம். நடிகரைக் கொண்டாடும்போது அந்தக் கைகளையும் நினைக்க வேண்டும்.

கேள்வி: சொலேரிக்குப் பிறகு யார்?

பதில்: என்ரிக்கோ பொனவேரா. சொலேரி ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே அவரோடு மாறி மாறி இதே வேடத்தில் மேடையேறியவர்.