அடைப்புக்குறிக்குள் அம்மா

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, ஜெர்மனியில் பிராங்பர்ட்டில் வேலை பார்க்கிறேன். வயது 39. ஜூலைக் கடைசியில் குடும்பத்தோடு இத்தாலி போகிறோம். பிளாரன்ஸில் மூன்று நாள் தங்கல். அதில் ஒரு நாள் டிரைவரோடு தனி வேன் எடுத்து டஸ்கனியின் மலையூர்களைப் பார்த்துவிடத் திட்டம். சான் ஜிமின்யானோ, மொன்டெரிஜோனி, சியெனா, மொன்டெபுல்சானோ, பியென்சா என்று ஐந்து ஊர் குறித்து வைத்திருக்கிறேன். பத்து மணி நேரத்துக்கு 680 யூரோ கேட்கிறார்கள். நானே வாடகைக்குக் கார் எடுத்து ஓட்டினால் இதில் பாதிகூட ஆகாது. ஆனால் வளைவுப் பாதையில் எனக்குக் குமட்டும். டிரைவர் இருந்தால் முன்சீட்டில் நிம்மதியாக உட்கார்ந்து வரலாம். (ஊரிலிருந்து அம்மாவும் வந்திருக்கிறார்கள். 68 வயது, முழங்கால் வலி, ஏற்றம் ஏற முடியாது. அது பிரச்சினை இல்லை, நாங்கள் மேலே போய்விட்டு வரும்வரை ஏசி போட்டுக்கொண்டு வேனிலேயே இருக்கிறேன் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.) பிள்ளைகளுக்கு 11, 8 வயது. கோபுரம் ஏற ஆசைப்படுகிறார்கள். டிரைவர் வைப்பது வீண் செலவா? ஐந்து ஊரும் ஒரே நாளில் முடியுமா?

பதில்: தம்பி, ஐந்து ஊருக்கும் பெயர் எழுதியிருக்கிறீர்கள். யூரோ கணக்கு எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குக் குமட்டும் என்பதைக்கூட எழுதியிருக்கிறீர்கள். அம்மாவை மட்டும் அடைப்புக்குறிக்குள் போட்டு, "அது பிரச்சினை இல்லை" என்று பூட்டும் போட்டுவிட்டீர்கள். உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில் இருக்கிறது, பிறகு வருகிறேன். முதலில் அந்தப் பூட்டைத் திறப்போம்.

"அவர்களே சொல்லிவிட்டார்கள்." இந்த வார்த்தையை எத்தனை வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்! கடைசித் தோசை எனக்கு வேண்டாம் என்பதும் அவர்களே சொன்னதுதான். தீபாவளிக்குப் புடவை எதற்கு, போன வருஷத்தது புதுசாகவே இருக்கிறது என்பதும் அவர்களே சொன்னதுதான். நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பதை எழுதவில்லை, நானே சொல்கிறேன். "எல்லாம் ஏத்தமா இருக்கும்மா, உன்னால முடியாது, என்ன பண்றது?" என்று கேட்டிருப்பீர்கள். திட்டம் போட்டு, விலை பேசி, ஊர்ப் பட்டியல் முடிந்த பிறகு கேட்டிருப்பீர்கள். அதற்கு அவர் வேறு என்ன சொல்ல முடியும்? "அப்படின்னா திட்டத்த மாத்து" என்று சொல்கிற அம்மாவாக இருந்தால் நீங்கள் அடைப்புக்குறி போட்டிருக்க மாட்டீர்கள். இதில் மருமகளை இழுக்க வேண்டாம், கடிதம் எழுதியது நீங்கள்.

சரி, அந்த வேனுக்குள் கொஞ்சம் உட்கார்ந்து பார்ப்போம். சான் ஜிமின்யானோ மதில் சூழ்ந்த ஊர். வாசல் பக்கம் உங்களை இறக்கிவிட்டு, வேன் மதிலுக்கு வெளியே இருக்கும் பார்க்கிங்குக்குப் போய்விடும். அங்கே ஏசி ஓடும் என்று நினைக்கிறீர்கள். ஓடாது. வண்டியை நிறுத்தி வைத்துவிட்டு ஏசிக்காக மட்டும் எஞ்சினை ஓட விடக் கூடாது என்று இத்தாலியின் சாலைச் சட்டத்திலேயே இருக்கிறது, அபராதமும் உண்டு. ஜூலைக் கடைசியில் மத்தியான வெயில் 35 டிகிரியைத் தொடுவது அங்கே சாதாரணம். டிரைவர் நல்ல மனுஷராகவே இருக்கட்டும். அவர் இறங்கி நிழலில் நின்று போன் பேசுவார், காபி குடிக்கப் போவார். அது அவர் உரிமை. அவரை வண்டி ஓட்ட வைத்திருக்கிறீர்கள், அம்மாவுக்குத் துணையிருக்க அல்ல. அம்மாவுக்கு இத்தாலியன் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. பாத்ரூம் போக வேண்டும் என்றால் அம்மா யாரிடம் கேட்பார்?

கேட்க மாட்டார். அந்த நிலைமை வரக் கூடாது என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பார். இது என் ஊகமில்லை. என் மாமியாரை ஒரு மலைக்கோயில் அடிவாரத்தில் வேனில் உட்கார வைத்துவிட்டு ஏழு பேர் ஏறினோம். "நான் இங்கயே இருக்கேன், போயிட்டு வாங்க" என்று அவரும்தான் சொன்னார். திரும்பி வர மூன்று மணி நேரம். நான் வாங்கிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் மடியில் இருந்தது, மூடியின் சீல்கூட உடையவில்லை. "தாகமே எடுக்கலம்மா" என்றார். எங்கள் ஏழு ஜோடி செருப்பையும் காலடியில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. வண்டியில் ஏறி, பிரசாதம் கொடுத்தோம்.

இன்னொன்று சொல்கிறேன். சான் ஜிமின்யானோவில் ஒரு காலத்தில் 72 கோபுரம் இருந்ததாகச் சொல்வார்கள், இப்போது 14 நிற்கிறது. நீங்கள் அதைப் பார்க்கத்தான் போகிறீர்கள். ஆனால் அந்த ஊர் கொண்டாடும் புனிதை யார் தெரியுமா? ஃபீனா என்கிற சின்னப் பெண். பத்து வயதில் நோய் வந்து எழுந்து நடக்க முடியாமல் போனவள். ஒரு மரப்பலகையின் மேலேயே படுத்துக் கிடந்து 1253ஆம் ஆண்டு மார்ச் மாதம் செத்துப்போனாள். ஊரின் பெரிய கோயிலில் அவளுக்கென்று தனிச் சிற்றாலயம் இருக்கிறது. கிர்லாந்தாயோ என்ற ஓவியர் சுவரில் அவளை வரைந்திருக்கிறார். வெறும் பலகையில் கிடக்கிறாள், பக்கத்தில் துணைக்கு இரண்டு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மார்ச் மாதம் அந்தக் கோபுரக் கற்களின் இடுக்கில் பூக்கிற மஞ்சள் பூவுக்கு அவள் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். நடக்க முடியாதவளுக்காக ஊர் எழுப்பிய ஆலயத்துக்கு நீங்கள் டிக்கெட் எடுத்து நுழைவீர்கள், பிள்ளைகளுக்கு விளக்கமும் சொல்வீர்கள். உங்கள் வீட்டில் நடக்க முடியாதவர் கீழே பார்க்கிங்கில் இருப்பார். பாட்டி எங்கே என்று எட்டு வயசுக்காரன் கேட்டால் என்ன சொல்வீர்கள்? கேட்காமல் விட்டானென்றால் அது இன்னும் மோசம்.

திட்டியாயிற்று. இப்போது கணக்குக்கு வருவோம். ஐந்து ஊர் முடியாது. பிளாரன்ஸிலிருந்து முதல் ஊருக்கு ஒரு மணி நேரம். அங்கிருந்து மொன்டெரிஜோனிக்கு அரை மணி, சியெனாவுக்கு இன்னொரு அரை மணி. சியெனாவிலிருந்து மொன்டெபுல்சானோவுக்கு ஒரு மணி, பியென்சாவுக்கு இருபது நிமிஷம். கடைசியில் பிளாரன்ஸ் திரும்ப ஏறக்குறைய இரண்டு மணி. பத்து மணி நேரத்தில் பாதிக்கு மேல் டயர் தின்றுவிடும். சாப்பாட்டுக்கு ஒரு மணி போனால் ஊருக்கு முக்கால் மணி மிஞ்சும். சியெனாவில் தொட்டி மாதிரி சரிந்து கிடக்கும் அந்தப் பெரிய திடலை முக்கால் மணியில் என்ன பார்ப்பீர்கள்? போட்டோ எடுக்கலாம், அவ்வளவுதான். மொன்டெபுல்சானோவோ கீழ் வாசலிலிருந்து உச்சித் திடல் வரைக்கும் மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம். முழங்கால் நன்றாக இருப்பவர்களே நடுவில் கடை பார்ப்பது போல நின்றுகொள்வார்கள்.

இரண்டே ஊர் வைத்துக்கொள்ளுங்கள். பியென்சா, அப்புறம் பான்யோ வின்யோனி.

பியென்சா உங்கள் பட்டியலில் கடைசியாகத் தொங்குகிறது, அதை முதலில் வையுங்கள். மலை மேல் இருந்தாலும் ஊருக்குள் நடப்பது பெரும்பாலும் சமதளம். வாசலில் இறங்கினால் நேர்த்தெரு, கொஞ்ச தூரத்தில் திடல், கோயில். கோயிலுக்குப் பின்பக்கம் மதிலோரமாகவே ஒரு நடைபாதை போகிறது. அங்கே நின்றால் ஓர்ச்சா பள்ளத்தாக்கு முழுசாகத் தெரியும், எதிரே அமியாத்தா மலை. படி ஏறாமல், கோபுரம் ஏறாமல், நின்ற இடத்திலேயே. ஜூலையில் அறுவடை முடிந்த வயல்கள் பொன்னிறமாகக் கிடக்கும். பசுமை வேண்டுமென்றால் வசந்தத்தில் வந்திருக்க வேண்டும், அதை விடுங்கள். இந்த ஊரை இப்படித் திருத்திக் கட்டியவர் இரண்டாம் பயஸ் என்ற போப்பாண்டவர். 1405இல் இங்கே பிறந்தவர். போப் ஆனதும் 1459இல் ஆரம்பித்து நாலு வருஷத்துக்குள் சொந்தக் கிராமத்தைச் சின்ன நகரமாக்கித் தன் பெயரையும் வைத்துவிட்டார். இளவயதில் ஸ்காட்லாந்தில் நேர்த்திக்கடனுக்காகப் பனியில் வெறுங்காலோடு நடந்தவர், அதிலிருந்து ஆயுசுக்கும் கால் வலி. போப்பாக இருந்தபோது நாற்காலியில் வைத்துத் தூக்கிப்போவார்கள். அம்மாவிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள், ரசிப்பார்.

அங்கிருந்து இருபது நிமிஷத்தில் பான்யோ வின்யோனி. இங்கே ஊர்த் திடல் இருக்க வேண்டிய இடத்தில் தெப்பக்குளம் மாதிரி ஒரு நீளக் குளம். வெந்நீர் ஊற்று. அந்தக் குளத்தில் இப்போது யாரும் இறங்கக் கூடாது. ஆனால் ஊர் விளிம்பில், பழைய ஆலைகள் இருந்த பக்கம், அந்தத் தண்ணீர் கல்வாய்க்காலில் ஓடிவருகிறது. வருகிறவர்கள் ஓரத்தில் உட்கார்ந்து காலை அதில் விட்டுக்கொள்வார்கள். அம்மாவையும் உட்கார வைத்து, புடவையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிக்கொள்ளச் சொல்லி, காலை விடச் சொல்லுங்கள். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளைகளைக் கூப்பிட வேண்டியதே இல்லை, அவர்கள் முன்னாலேயே இறங்கியிருப்பார்கள்.

கோபுர ஆசைக்கு வழி இருக்கிறது. பிளாரன்ஸிலேயே ஜியோட்டோவின் மணிக்கூண்டு 414 படி. இன்னொரு நாள் காலையில் நீங்களோ உங்கள் மனைவியோ ஒருவர் பிள்ளைகளோடு ஏறுங்கள், மற்றவர் அம்மாவோடு கீழே உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுங்கள்.

டிரைவர் வீண் செலவா என்றால், இல்லை. நீங்களே ஓட்டினால் பிளாரன்ஸ், சியெனா மாதிரி பழைய நகரங்களின் நடுப்பகுதிக்குள் அனுமதி இல்லாத வண்டி நுழையக் கூடாது. வாசலில் போலீஸ்காரர் இருக்க மாட்டார், கேமராதான் இருக்கும். நம்பர் பிளேட்டைப் படமெடுத்துக்கொண்டு சும்மா இருக்கும். மாதங்கள் கழித்து பிராங்பர்ட் வீட்டுக்கே அபராதச் சீட்டு வரும், கார் வாடகைக்காரர் தன் பங்குக்கு ஒரு கட்டணம் போடுவார். டிரைவரோடு வரும் வாடகை வண்டியை அங்கே என்.சி.சி. என்பார்கள் (காக்கி உடுப்பு மாணவர் படை இல்லை). அதற்கு 1992இல் வந்த தனிச் சட்டமே இருக்கிறது. நகராட்சி கொடுத்த உரிமம் வேண்டும், முன்கூட்டியே பதிந்த பயணியைத்தான் ஏற்றலாம். உரிமம் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். 680 யூரோவில் சுங்கமும் பார்க்கிங்கும் அடக்கமா என்றும் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், "முழங்கால் வலியோடு ஒரு பெரியவர் வருகிறார், ஊர் வாசலுக்கு எவ்வளவு பக்கத்தில் இறக்கிவிட முடியும்?" என்று எழுதிக் கேளுங்கள். உரிமம் உள்ள வண்டிகளைப் பல ஊர்களில் முன்பதிவோடு உள்ளே விடுகிறார்கள். டிரைவர் வைத்துக்கொள்வதில் இருக்கிற பெரிய லாபமே இதுதான், அதை அம்மாவுக்காகப் பயன்படுத்தாமல் யாருக்காகப் பயன்படுத்தப் போகிறீர்கள்?

அம்மா சைவம் என்றால் கவலை வேண்டாம். பீச்சி என்று கையால் உருட்டிய தடித்த நூடுல்ஸ், பூண்டும் தக்காளியும் போட்டுத் தருவார்கள், பிடித்துப்போகும். டஸ்கனி ரொட்டியில் மட்டும் உப்பே இருக்காது. பையில் ஊறுகாய் இருக்கட்டும். மத்தியானச் சாப்பாட்டைப் பன்னிரண்டரைக்கு ஆரம்பித்துவிடுங்கள், இரண்டரைக்கு மேல் பல இடங்களில் அடுப்பு அணைந்துவிடும். மடக்கு நாற்காலி ஒன்று வாங்கி வேனில் போடுங்கள். சக்கர நாற்காலி அந்தக் கல்தரையில் முதுகெலும்பைக் கழற்றிவிடும்.

போகும்போது மலைப்பாதையில் சுற்றாமல் நெடுஞ்சாலையிலேயே ஓட்டச் சொல்லுங்கள். வளைவெல்லாம் கடைசியில் கொஞ்ச நேரம்தான். ஆனால் பார்க்க வேண்டிய சைப்ரஸ் மர வரிசையும் குன்றுகளும் சரியாக அந்தக் கடைசிக் கொஞ்ச நேரத்தில்தான் வரும். அதனால் முன்சீட் அம்மாவுக்கு. நீங்கள் பின்னால் பிள்ளைகளோடு உட்காருங்கள். குமட்டினால் மோந்து பார்க்க ஓர் எலுமிச்சம்பழம் கையில் வைத்துக்கொள்ளுங்கள், இத்தாலியில் நல்லதாகவே கிடைக்கும்.