16 கிலோ பை, தோள் வலி: காட்டில் ஓர் இரவுக்கு முன்

வணக்கம். கடலூரிலிருந்து மூன்று பேர், 22 கிலோமீட்டர் காட்டுச் சுற்றுப்பாதை, நடுவில் ஒரு இரவு. 16 கிலோ பையோடு சில்வர் பீச்சில் நடந்தாலே தோள் விண்விண் என்று தெறிக்கிறது என்கிறீர்கள்.

இடுப்புப் பட்டையைத்தான் முதலில் பாருங்கள். அது இடுப்பெலும்பின் மேட்டில் உட்கார வேண்டும். வயிற்றின் மேல் ஏறினால் பாரம் முழுக்கத் தோளுக்குப் போய்விடும். இடுப்பை இறுக்கிய பிறகே தோள்வார். தண்ணீர், சாப்பாடு முதுகை ஒட்டி நடுவில், படுக்கைப் பை அடியில், மழைச்சட்டை மேலே.

எடையையும் குறையுங்கள். 60 கிலோ உடம்புக்கு 12 கிலோ போதும். ஒரே கூடாரம்; துணி ஒருவருக்கு, கம்பிகள் இன்னொருவருக்கு. அடுப்பு வேண்டவே வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணிக் காட்டுத் தீ எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது! முதல் நாளுக்குப் புளிசாதம், மறுநாளுக்கு அவல், பொட்டுக்கடலை, வெல்லம். தண்ணீர், நடக்கும் மணிக்கு அரை லிட்டர். ஓடைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் விட்டுக் குடியுங்கள்.

மணலில் நடந்தால் கெண்டைக்கால் பலப்படும். இறக்கத்துக்கு முட்டி பழகாது. செஞ்சி ராஜகிரிப் படிகளில் 6 கிலோவோடு தொடங்கி, அடுத்த வாரம் 9 கிலோவோடு ஏறி இறங்குங்கள்.

சுற்றுப்பாதையில் பாதியில் நின்றால் திரும்புவதும் தொடர்வதும் ஒரே தூரம்; பாதி தாண்டினால் திரும்புவதுதான் அதிக தூரம். அதனால் முதல் நாள் பகல் 1 மணிக்குள் 7 கிலோமீட்டர் முடியாவிட்டால் வந்த வழியே திரும்புங்கள். இரவு தங்க வனத்துறை அனுமதி கையில் இல்லையென்றால் கிளம்பவே கூடாது.