லண்டன்–நியூயார்க்: தூரம் மாறாதபோது நேரம் ஏன் மாறுகிறது?

கேள்வி: லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே உள்ள தூரம் ஓரிடத்தில் 3,008 மைல் என்றும், இன்னோரிடத்தில் 3,461 மைல் என்றும் காணப்படுகிறது. மணிக்கு 900 கி.மீ. வேகம் என்று வைத்து வகுத்தால் ஆறேகால் மணி நேரம் வருகிறது; பயணச்சீட்டிலோ போவதற்கு 8 மணி நேரம், திரும்புவதற்கு 7 மணி நேரம் என்று இருக்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டு தூரங்களும் சரியே. முதலாவது கடல் மைல் (1.852 கி.மீ.), இரண்டாவது சாலைகளில் வழங்கும் மைல் (1.609 கி.மீ.); எதைப் பெருக்கிப் பார்த்தாலும் சுமார் 5,570 கி.மீ. கிடைக்கும். பூமியைச் சரியான கோளமாகக் கொள்வதா, துருவங்களில் சற்றுத் தட்டையானதாகக் கொள்வதா என்பதாலும், நகர மையத்திலிருந்து அளப்பதா, விமான நிலையத்திலிருந்து அளப்பதா என்பதாலும் சில பத்து கிலோமீட்டர்கள் கூடக்குறைய வரலாம். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

வரைபடத்தில் அளவுகோலை வைத்து அளப்பதைத்தான் தவிர்க்க வேண்டும். நியூயார்க்கும் மாட்ரிட்டும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், வடக்கே நாற்பதரை பாகையில் இருப்பதால், நேர் கிழக்கே பறப்பதே குறுக்குவழி என்று தோன்றும். அப்படிப் பறந்தால் 5,900 கி.மீ.க்கு மேல் ஆகும். உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால் அது வடக்கே 46 பாகை வரை வளைந்து சென்று, சுமார் 5,770 கி.மீ.யில் முடிந்துவிடும். பெருவட்டத் தூரம் என்பது இதுதான்.

நேரத்துக்கு இத்தகைய நிலையான அளவு கிடையாது. 900 கி.மீ. என்பது சுற்றியுள்ள காற்றைச் சார்ந்த வேகம். வட அட்லாண்டிக்கின் மேலே மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம் நியூயார்க் செல்லும் விமானத்தை எதிர்த்துத் தடுக்கிறது, லண்டன் திரும்பும் விமானத்தைப் பின்னிருந்து தள்ளுகிறது. நீங்கள் கண்ட ஒரு மணி நேர வேறுபாடு பெரும்பாலும் இதனால் வருவது. மேலும், அட்டவணை நேரம் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, மறுமுனையில் நிறுத்துமிடம் சேர்வது வரை கணக்கிடப்படுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், மெதுவாக மேலேறி இறங்குவதும், தாமதத்துக்கென்று நிறுவனம் சேர்த்து வைக்கும் நிமிடங்களும் அதில் அடக்கம். வழி அடைபட்டால் கணக்கே மாறிவிடும்: 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின், 12 மணி நேரத்துக்குள் முடிந்த லண்டன்–டோக்கியோ பயணம் 14 மணி நேரத்தை எட்டியது, நகரங்கள் இருந்த இடத்திலேயே இருந்தபோதும்.

ஆகவே பயணத்தைத் திட்டமிட அட்டவணையையே நம்புங்கள். ஆனால் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர் நேரத்தில் அச்சிடப்பட்டிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். லண்டனில் காலை 10 மணிக்குக் கிளம்பி நியூயார்க்கில் பிற்பகல் 1 மணிக்கு இறங்குவதாக இருந்தால், மூன்று மணி நேரத்துடன் ஐந்து மணி நேர வேறுபாட்டையும் கூட்ட வேண்டும். மார்ச் மாதத்தில் கூடுதல் கவனம் தேவை: அமெரிக்கா கடிகாரத்தை முதலில் முன்தள்ளிவிடுவதால், பிரிட்டனும் அவ்வாறு செய்யும்வரை இரண்டு மூன்று வாரங்களுக்கு அந்த வேறுபாடு நான்கு மணி நேரமே.